தள்ளி நிற்கும் மணிக்கூண்டு

வெள்ளிமூலை பசிலிக்காவைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்காமல் போவதில்லை.

உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி. இடது பக்கத்துக் கூரையைத் தாங்க ஒரு தூண்கூடக் கிடையாது. வலது பக்கத்தில் மட்டும் கருங்கல் தூண்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஏன் இந்த ஓரவஞ்சனை? வெளியே வந்ததும் அடுத்த கேள்வி. மணிக்கூண்டு கோயிலோடு சேராமல், மேலே பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில், கோபித்துக்கொண்டு போனவனைப் போல ஏன் தனியாக நிற்கிறது?

வழிகாட்டியிடம் பதில் தயார். தூணுள்ள பக்கம் பழைய ஏற்பாடு, தூணில்லாத பக்கம் புதிய ஏற்பாடு. மணிக்கூண்டு தள்ளி நிற்பது நவீன பாணி, வெளிநாட்டிலெல்லாம் அப்படித்தான். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, பந்தலூர் பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

இரண்டு பதிலுமே தப்பு. தூண்களுக்குக் காரணம் ஒரு மழை. மணிக்கூண்டுக்குக் காரணம் ஆண்டாயி என்ற, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். அவள் அந்த மதத்துக்காரிகூட இல்லை.

*

அப்போது பசிலிக்கா என்ற பட்டமெல்லாம் வரவில்லை. ‘மாதா கோயில் வேலை’ என்றுதான் பெயர். வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய தகரக் கூரைக் கோயில் ஒன்று அந்தச் சரிவில் இருந்தது. சிலோனிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து நெல்லியாளம் பக்கத்து மலையெல்லாம் நிறைந்த வருஷங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பாதிப் பேர் வெளியே மழையில் நின்றார்கள். பங்குச்சாமியார் மேலிடத்துக்கு எழுதினார், அலைந்தார், கடைசியில் மெட்ராஸிலிருந்து இளவயசு ஆர்க்கிடெக்ட் ஒருவரை அழைத்துவந்தார்.

அவர் போட்ட படம் இதுதான்: இரண்டு பெரிய கான்கிரீட் பலகைகள். இரண்டும் இரண்டு பக்கத்திலிருந்து சாய்ந்து வந்து உச்சியில் ஒன்றையொன்று தொட வேண்டும். கும்பிடும் கைகளைப் போல. நடுவில் தூணே கூடாது.

“கும்பிடுற கையா? கவுத்துப்போட்ட கொழுந்துக் கூடை மாதிரியில்ல இருக்கு!” என்றாள் ஆண்டாயி, படத்தைப் பார்த்ததும்.

இடது கை வெட்டிய பாறைமேல் ஊன்றி நின்றது. அதில் பிரச்சினை இல்லை. வலது கை நிற்க வேண்டிய இடத்தில் பள்ளம். மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். அந்த மண்ணின்மேல் மரப்பலகை போட்டு, பலகைமேல் கற்பூர மரக் கம்புகளை ஆப்பு அடித்து முட்டுக் கொடுத்து, கம்புகளின்மேல் கான்கிரீட்டை ஊற்றினார்கள். கான்கிரீட் இறுகித் தன் காலில் நிற்கும்வரை பாரம் முழுக்க அந்த முட்டுக் கம்புகள்மேல். கம்புகளின் பாரம் கொட்டிய மண்மேல். கொட்டிய மண்ணுக்கு நேர் கீழே, சரிவில், தொழிலாளர் லயங்கள் என்ற லைன் வீடுகள். அதில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில்தான் ஆண்டாயியின் குடும்பம்.

அவள் புருஷன் வீரையா சென்ட்ரிங் வேலைக்காரன். வலது கூரைக்குக் கான்கிரீட் ஊற்றிய அன்று சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள்.

காம்பரா எஸ்டேட்டுடையது. வீட்டில் ஒருவராவது எஸ்டேட் வேலைக்கு இறங்க வேண்டும். ஆண்டாயி இன்னும் டெம்பரவரிதான். டெம்பரவரி ஆள் ஒரு நாள் பெரட்டுக்கு வராவிட்டால் பேர் வெட்டு. பேர் வெட்டினால் காம்பராவைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பெரட்டு என்பது காலையில் வரிசையில் நின்று பேர் கொடுப்பது. பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி. சிலோன் தோட்டத்துச் சொல். கப்பலேறி வந்த சாமான்களில் அதுவும் ஒன்று.

*

மழை பிடித்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரட்டுக் களம் குளமாகிவிட, எஸ்டேட் ரைட்டர் சுடலைமணி புது இடம் கண்டுபிடித்தார்: மாதா கோயிலின் வலது கூரைக்குக் கீழே. முட்டுக் கம்புகளுக்கு நடுவே வரிசை வரிசையாக நிற்க வைத்துப் பேர் எழுதினார். விசில் ஊதினால் எல்லோரும் நேராக நிற்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஆண்டாயி வந்து கூடையை இறக்கினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உதறினாள். கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்தாள். தண்ணீர்ச் செம்பை எடுத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“காலக் கழுவாத. அப்படியே வந்து நில்லு.”

“ஏன், பூசை பண்ணப் போறீங்களா?”

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மகள் காத்தாயி களுக்கென்று சிரித்தாள்.

வீரையா சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட காலைச் சாக்கு மூட்டைமேல் நீட்டியபடி எட்டிப் பார்த்தான். “காலையில பெரட்டுல நின்னப்ப காலு எம்மட்டு பொதஞ்சுச்சு?”

“இந்தா, இம்மட்டு.” கணுக்காலுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினாள்.

“நேத்து?”

“நேத்து உள்ளங்காலுதான். நெதமும் ஒரே கேள்வி! ஆப்பு ஆடுதா, கம்பு சாயுதா, கூரை ஒழுகுதான்னு. நான் கொழுந்து எடுக்கப் போறனா, ஒங்க கூரைக்குக் காவலுக்குப் போறனா?”

“கூரைக்குக் கீழதான நிக்கிற? மழத்தண்ணி ஒம்மேல விழுதா?”

“இல்ல.”

“அப்ப சேறு எங்கருந்து வருது?”

ஆண்டாயியின் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. “கீழருந்து,” என்றாள் மெதுவாக.

“கொட்டுன மண்ணு தண்ணியக் குடிச்சுக் கொளகொளத்துப் போச்சு. இந்தக் குளுருல கான்கிரீட்டு லேசுல இறுகாது. அம்புட்டுப் பாரமும் கம்பு மேல. கம்பு நிக்கிறது சேத்து மேல.” மூச்சு வாங்கினான். “ரைட்டருகிட்டச் சொல்லி வேற எடத்துல நிக்கக் கூடாதா?”

“கடைசிக் காம்பரா மருதாம்பா சொல்லிப் பாத்தா. ‘நனையணும்னா போய் நனைங்க, பேரு மட்டும் இங்கதான் எழுதுவேன்’னுட்டாரு.”

“நாளைக்குப் பெரட்டுக்குப் போகாத.”

ஆண்டாயி அவனைப் பார்த்த பார்வையில் காத்தாயி ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

“யாரு சொல்றது? பெரட்டுக்குப் போகாதன்னு நீங்களா சொல்றீங்க?”



அவள் அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. சிலோனில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் வீரையா சில்லறைக் கங்காணி. ஒரு கூட்டம் பெண்களை மேய்க்கிற வேலை. விடியுமுன்னே தேயிலை ஃபாக்டரியின் ஸ்டோர் மணி அடிக்கும். மணி நின்ற பிறகு வந்தவளுக்குப் பேர் கிடையாது, வெரட்டிவிடுவான். மூத்த பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சல் கொதித்த ஒரு நாள், ஆண்டாயி பிந்தி வந்தாள். கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். மற்றப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சொந்தப் பெண்டாட்டிக்கு என்ன செய்கிறான் என்று. “ஒனக்குப் பேரு இல்ல. போ வெளிய!” என்றான் வீரையா. வெறுங்கூடையோடு அத்தனை பேர் முன்னாலும் அவள் திரும்பி நடந்தாள். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. அவன் வெரட்டியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் ஆண்டாயி அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் பெரட்டுக்குப் பிந்தியதில்லை. அதைப் பற்றிப் பேசியதுமில்லை.

“ரொட்டி கருகுது பாரு,” என்று மகளிடம் சொல்லிவிட்டுக் காலைக் கழுவினாள்.

*

இருட்டுமுன் காத்தாயி போய் ஆறுமுகசாமியை அழைத்துவந்தாள். கோயமுத்தூர்க்காரர், சென்ட்ரிங் மேஸ்திரி. தலையில் போட்டிருந்த சாக்கை வாசலில் உதறிவிட்டு, கவிழ்த்துப்போட்ட மண்ணெண்ணெய் டின்னின்மேல் உட்கார்ந்தார். ஆண்டாயி தகரப் பேணியில் தேத்தண்ணி கொடுத்தாள்.

“ஏனுங்க வீரையா, காலு எப்படிங்க இருக்குது?”

“ஏங் காலக் கேக்காதீங்க மேஸ்திரி. கம்பு காலச் சொல்லுங்க.”

மேஸ்திரி பேணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். “தளர்ந்த ஆப்பையெல்லாம் மறுக்கா அடிச்சு ஏத்தியிருக்கறேனுங்க. ஆனா பலகைக்கு அடியில மண்ணு கரையுது. காத்தால கல்லக் கொண்டாந்து அண்டக் குடுக்கோணும்.”

“காலையில வரைக்கும் மழை பொறுக்குமா?”

“அதுக்குத்தானுங்க நானே வரலாம்னு இருந்தேன். கூரை போனா கூரையோட போகாது. மண்ணு அத்தனையும் இந்த லைன் மேலதான் வந்து உழுகும். சாமியாரும் நானும் பேசிட்டோமுங்க. புது மணி வந்து மேல சாரத்துல தொங்குதுங்கல்ல? தெறப்பு விழாவுக்குன்னு இன்னும் ஒருக்காக்கூட அடிக்கல. அதுதான் அடையாளம். நாங்க ரெண்டு பேரும் முழிச்சிருந்து பாக்கறோம். மண்ணு நகுந்துச்சுன்னா மணிய அடிச்சிருவோம். கேட்டதும் சட்டி பானையத் தேடாம எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடிறோணும். கோயிலு வழியா வரவே கூடாதுங்க. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குறுக்கு வழி.”

“மணி அடிச்சா மைதானம்,” என்றான் வீரையா.

“அவ்வளவுதானுங்க. ரைட்டர்கிட்டயும் சொல்லலாம்னு போனேன். ஆளு பந்தலூருல இருக்குது. வெடிஞ்சுதான் வரும்.” எழுந்தவர் வாசலில் நின்று மேலே பார்த்தார். மூடுபனியில் கூரை இருக்கிற இடமே தெரியவில்லை. “எங்க ஊர்ப்பக்கம் மழைக்குச் சாமி கும்புடுவாங்க. இங்க வந்து நிக்கச் சொல்லிக் கும்புட வேண்டியதாப் போச்சு.”

ஆண்டாயியும் காத்தாயியும் சாக்கைப் போர்த்திக்கொண்டு லயம் லயமாகப் போய்ச் சொன்னார்கள். கடைசிக் காம்பரா மருதாம்பாளுடையது. அவளும் அதே மஸ்கெலியாத் தோட்டத்துக்காரி. வீரையாவின் கூட்டத்தில் கொழுந்து பறித்தவள்.

“யாரு சொல்லிவிட்டது, கங்காணியா? கடலத் தாண்டி வந்தும் மணியடிச்சு ஓடவிடறாரா?”

“கூரை விழும்போல இருக்கு அக்கா. வெளையாட்டில்ல.”

“சரிம்மா, சரி. மணி அடிச்சா மேட்டுக்கு. வெளங்கிருச்சு. அந்த மனுசன் மட்டும் வாயத் தொறந்து கத்தாம இருக்கட்டும். அவரு கொரலக் கேட்டா இன்னமும் எங் காலு தன்னால ஓடுது.”

எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் புரிந்தது. குழந்தைகள்கூட ‘மணி அடிச்சா மேடு, மணி அடிச்சா மேடு’ என்று பாட்டாகப் பாடிக்கொண்டே தூங்கின.

*

மணி அடித்தபோது இருள் சாம்பல் நிறமாக மாறிக்கொண்டிருந்தது.

டாண்… டாண்… டாண்…

ஆண்டாயியின் கண் திறக்கும்முன் கை படங்குச் சாக்கைத் தேடியது. எழுந்து, கட்டி, முடிச்சுப் போட்டு, கூடையை எடுத்த பிறகுதான் கண்ணே திறந்தது. காத்தாயி கம்பளியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எந்திரி, எந்திரி! பெரட்டு அடிச்சாச்சு!”

அப்படிக் கத்தியது வேறு யாருமில்லை, வீரையாதான். பாதித் தூக்கத்தில், இத்தனை வருஷம் கத்திய அதே கத்தல். “காத்தாயி, கூடைய எடு! பிந்தினா வெரட்டிருவான்! வெள்ளனப் போங்க!”

இருவரும் மழையில் இறங்கி ஓடினார்கள். லயம் முழுக்கக் கதவுகள் திறக்கிற சத்தம். சேற்றில் காலடிகள். ‘ஏய் வா, வா’ என்று ஒருவரையொருவர் விரட்டும் குரல்கள். எல்லாம் மேலே கோயில் பாதையில் போய்த் தேய்ந்தன.

வீரையா தலையைச் சாய்த்தான். நல்லவேளை, பிந்தவில்லை.

டாண்… டாண்… டாண்…

யார் இந்தப் பைத்தியக்காரன்? ஆள் வந்து சேர்ந்ததும் மணியை நிறுத்த வேண்டியதுதானே? ஸ்டோர் மணி இவ்வளவு நேரம் அடிக்காதே. ஸ்டோர் மணி…

ஸ்டோர் மணியா? இங்கே ஏது ஸ்டோர் மணி? இங்கே பெரட்டுக்கு விசில் அல்லவா?



“ஆண்டாயி!”

பதில் இல்லை. முட்டுக் கம்பு ஒன்றை ஊன்றுகோலாக வைத்திருந்தான். அதைப் பிடித்து எழுந்தான். வாசலுக்கு வந்து பார்த்தால் வரிசையாகத் திறந்த கதவுகள். ஒரு காம்பராவிலும் ஆளில்லை. வேலைக்குப் போகாத கிழவர்கள்கூடப் பழக்கத்தில் கிளம்பிவிட்டிருந்தார்கள். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், பிள்ளைக் காம்பராவில் விடுகிற நினைப்பில்.

முந்தின நாள் கேட்ட ஒரு வார்த்தை எங்கே, ஆயுசு பூரா கேட்ட மணி எங்கே!

கோயில் பாதையில் ஒரு காலால் குதித்துக் குதித்து ஏறினான். மாவுக்கட்டு மழையில் ஊறிக் கூழாகி வழிந்தது. ஒவ்வோர் அடிக்கும் எலும்பு உள்ளே கத்தியது.

*

மேலே, இடது பக்கப் பாறைமேல் நின்ற சாரத்தின் ஓரத்தில், சாமியார் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி லாந்தரைத் தூக்கிப் பிடித்துக் குறுக்கு வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் வரவில்லை.

“இன்னும் வேகமா அடிங்க சாமி! தூங்கறாங்க போல இருக்குது!”

சாமியார் வேகமாக அடித்தார். அந்த நேரம் காற்று ஒரு பக்கம் அடித்து மூடுபனியைக் கிழித்தது. மேஸ்திரி கீழே பார்த்தார்.

வலது கூரைக்கு அடியில், கம்புகளுக்கு நடுவே, கூடையும் கம்பளியுமாகச் சனம் முழுக்க வரிசை கட்டி நின்றது. மணி வேகமாக அடிக்க அடிக்க, பாதையில் பிந்தி வந்தவர்கள் வேகமாக ஓடிவந்து வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

“ஐயோ! ஏனுங்க! அங்க நிக்காதீங்க! வெளிய வாங்க!”

மழைச் சத்தத்தில் குரல் எடுபடவில்லை. மேஸ்திரி பையைத் துழாவி விசிலை எடுத்து, கன்னம் வெடிக்க ஊதினார்.

வரிசை இன்னும் நேரானது.

கீழ் வாசல் பக்கம் வீரையா வந்து சேர்ந்தது அப்போதுதான். கூரைக்குள் கால் வைக்கவில்லை, அதற்குத் தெம்பில்லை. ஓடைக்கரைத் திட்டில் கம்பை ஊன்றி நின்றான். டப் என்று ஒரு சத்தம். ஆப்பு ஒன்று தெறித்து அவன் முன்னால் வந்து விழுந்தது. கூரையின் வயிற்றில் மெல்லிய கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

“ஓடுங்க! கூரை வருது! ஓடுங்க!”

குரல் கீச்சென்று வந்தது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பேரு குடுக்கவா வந்தீங்க, கங்காணி?” என்றாள் மருதாம்பாள். “ஒத்தக் காலுக்கு அரைப் பேருதான்!”

சிரிப்பு. மறுபடி டப். யாரோ, “என்னா சத்தம் அது?” என்றார்கள். ஆனால் ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. பேர் எழுதுமுன் வரிசை கலைந்தால் பேர் போய்விடும்.

வீரையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது எதுவோ, அதுதான் வெளியேயும் கொண்டுபோகும்.

நிமிர்ந்தான். இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து எடுக்காத குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தான்.

“எட்டாம் நம்பர் மலை! மேல! நெர புடீ…!”

மஸ்கெலியாத் தோட்டத்தில் பேர் கொடுத்து முடிந்ததும் கங்காணி மலை நம்பரைச் சொல்வான். சொன்னதும் ஓட்டம்தான். முதலில் போகிறவளுக்குக் கொழுந்து மண்டிய நிரை. பிந்தினவளுக்கு மொட்டைச் செடி. கூடை நிறைவதும் அடுப்பு எரிவதும் அந்த ஓட்டத்தில்தான் இருந்தது.

கால்கள் யோசிக்கவில்லை. முதலில் பாய்ந்தது மருதாம்பாள். பின்னால் கூடையோடு கூடை இடிக்க, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு, அத்தனை பேரும் மேல் வாசல் வழியாக மைதானத்தை நோக்கி ஓடினார்கள். பொம்பளைகள் ஓடுவதைப் பார்த்து ஆம்பளைகளும் ஓடினார்கள். காத்தாயி, அம்மா பின்னால் வருகிறாள் என்று நினைத்து ஓடினாள்.

அம்மா வரவில்லை.

மற்றவர்களுக்குக் கேட்டது கங்காணியின் குரல். ஆண்டாயிக்குக் கேட்டது புருஷனின் குரல். கட்டுப் போட்ட காலோடு இந்த மழையில் எப்படி வந்தார் என்று திகைத்தவள், மேலே ஓடாமல், கம்புகளுக்கு நடுவே அவனை நோக்கி வந்தாள்.

“என்னாங்க இது, காலெல்லாம் ரத்தம்…”

“வராத! மேல ஓடு!”

“ஒங்கள விட்டுட்டா? இருங்க, புடிச்சுக்கறேன்.”

அவள் பக்கத்திலிருந்த கம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவன் காலையே பார்த்தபடி வந்தாள். கெஞ்சினால் கேட்க மாட்டாள். அழுதால் இன்னும் வேகமாக வருவாள். வீரையாவிடம் ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருந்தது.

“ஆண்டாயி!” கங்காணிக் குரல். “ஒனக்குப் பேரு இல்ல. போ வெளிய!”

அவள் நின்றாள். முகம் அப்படியே வெளுத்தது. கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டு திரும்பினாள். ஓடக்கூட இல்லை, விறுவிறுவென்று நடந்தாள், அன்றைக்கு நடந்த மாதிரியே. வீரையா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். போ. போ. இன்னும் கொஞ்சம். போ தாயி.

மேல் வாசலைத் தாண்டி அவள் மழைக்குள் கால் வைத்தாள். பின்னால் மலையே மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது.

*

வலது கை விழுந்தது. இடது கை பாறைமேல் அப்படியே நின்றது, ஒற்றைக் கையால் கும்பிடுவதைப் போல. கொட்டிய மண் கூழாக இறங்கி, திறந்து கிடந்த கதவுகள் வழியே காம்பராக்களுக்குள் புகுந்து, மறுபக்கச் சுவர்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

வீரையாவை ஓடைக்கரைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கண்டுபிடித்தார்கள். இடுப்புவரை சேறு. உயிர் இருந்தது. மண்வெட்டி வருவதற்குள் மேஸ்திரியும் ஆண்டாயியும் கையாலேயே தோண்டினார்கள். ஆண்டாயி தோண்டும்போது அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மருதாம்பாள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். “இந்தத் தோட்டத்துல எட்டாம் நம்பர் மலையே கெடையாதே!” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். “இல்லாத மலைக்கு ஓடவிட்டுட்டானே, பாவி!” சொல்லிக்கொண்டே அழுதாள்.

பந்தலூரிலிருந்து வந்த ரைட்டர் குடையோடு நடுங்கி நின்றார். ஆண்டாயி நேராக அவரிடம் போனாள். “பேரு எழுதுங்க.” அவர் எழுதினார். எல்லோருடைய பேரையும் எழுதினார்.

அன்றிலிருந்து அவர்களுக்கு வீடு அந்தப் பள்ளிக்கூடம்தான். ஆண்டாயி கஞ்சி ஊற்றினாள், கட்டு மாற்றினாள், பேசவில்லை. மழை விட்டு வெயில் வந்த ஒரு நாள், ஈரக் கம்பளியைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“அன்னிக்கு வெரட்டினதுக்கு இது சரியாப் போச்சுன்னு நெனச்சிராதீங்க.”

“நெனக்கல,” என்றான் வீரையா.

“ம்,” என்றாள். பேச்சு திரும்பிவிட்டது.

*

வேலை மறுபடி தொடங்கியது. ஆறுமுகசாமி பிடிவாதமாக நின்று, பள்ளத்தின் அடிப்பாறைவரை தோண்டி, வலது கூரைக்குக் கருங்கல் தூண் போட வைத்தார். “படம் கெட்டுப் போகும்,” என்றார் ஆர்க்கிடெக்ட். “போவட்டுங்க,” என்றார் மேஸ்திரி.

அடுத்தது மணிக்கூண்டு. படத்தில் அது கோயிலின் முன்மூலையில், கூரையோடு ஒட்டி இருந்தது. சாமியார் லயத்துச் சனத்தைக் கூப்பிட்டு, “இனிமே மணி அடிச்சா என்ன செய்யணும்னு சரியாச் சொல்லித் தரப்போறேன்,” என்றார்.

“சொல்லித் தந்து ஆகாதுங்க சாமி,” என்றாள் ஆண்டாயி. “போன தடவையும் நல்லாத்தான் சொன்னாங்க, நல்லாத்தான் கேட்டுக்கிட்டோம். மணி எங்க அடிக்குதோ அங்கதான் எங்க காலு வரும். எங்கள மாத்த முடியாது. மணிய மாத்துங்க. வெட்டவெளியில, மைதானத்துல வைங்க.”

ஆர்க்கிடெக்ட் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் வேறு படம் போட்டுவந்தார்.

திறப்பு விழா அன்று விடியற்காலை மணி அடித்தது. கோயில் வாசலில் ஆயர் அங்கியோடு காத்திருந்தார். பாட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். சனம் மைதானத்தில் போய் வரிசையாக நின்றது.

சாமியார் ஓடிவந்து வீரையாவைப் பார்த்தார். வீரையா தலையை ஆட்டிவிட்டான். அந்தக் குரலை இனி எடுப்பதாக இல்லை. ஆண்டாயி அவனைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“நெர புடீ…!”

ஒரே சிரிப்பு. வரிசை கலைந்து கோயிலுக்குள் இறங்கியது. உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றது. ஒருவர்கூட வலது பக்கம் போகவில்லை. இடது பக்கம் நெருக்கியடித்து நின்றார்கள். கருங்கல் தூண்கள் நின்ற பக்கம் காலியாகக் கிடந்தது. அண்ணாந்து அந்தக் கூரையைப் பார்த்தபடி வீரையா ஊன்றுகோலோடு நடுவில் நின்றான்.

ஆண்டாயி செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தூண்வரை தனியாக நடந்து போனாள். தரையில் வலது காலை ஊன்றி, பாரம் முழுக்க அதில் போட்டு, அழுத்தி நின்றாள். குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவை அழுத்தினாள்.

பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“வாங்க,” என்றாள். “பொதையல.”